இரண்டாவது பெட்டி

சவிரிமுத்து சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் ஓரிடத்தில் இருந்ததைக் கண்டவர்கள் கியூபெக்கின் லாசால் பகுதியில் யாரும் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில், கதவுப் பக்கமாகத்தான் இருப்பார். பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டால் எழுந்து வெளியே போய், மழையோ பனியோ, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விசுவாசப் பிரமாணத்துக்குச் சரியாக வந்து நிற்பார். "உந்த மனிசனுக்குக் கதிரையெல்லாம் முள்ளு" என்பாள் மனைவி ஜசிந்தா. முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது.

அப்படிப்பட்டவர் மார்ச், ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் மட்டும் காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை, கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் இருப்பார். அங்கேயும் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். மேசையில் வைத்த பேனை உருண்டு விழும். ஆனால் மனிதர் எழும்பமாட்டார். பங்குச் சனங்களுக்கு வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பது அவருடைய தொண்டு. பதினொரு வருடமாகச் செய்கிறார். ஒரு சதம் வாங்கியதில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. மன்னாரிலிருந்து வந்த முதல் வருடம், காசு வாங்கிக்கொண்டு அவருடைய பத்திரத்தை நிரப்பிய ஒருவர் 'சவிரிமுத்து' என்ற பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். அரசாங்கம் அவரை இரண்டு ஆளாக்கி, இரண்டு ஆளுக்கும் கடிதம் எழுதியது. இரண்டு வருடம். எல்லாம் பிரெஞ்சில். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, அந்த மற்றச் சவிரிமுத்துவை ஒருவழியாக ஒழித்துக்கட்டினார். பிறகு துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில், வந்திறங்கும் பெட்டிகளின் இலக்கம் பார்க்கும் வேலை கிடைத்தது. ஓர் இலக்கம் பிழைத்தால் ரொறன்ரோ போகவேண்டிய பெட்டி வேறெங்கோ போய் நிற்கும். ஆகவே எழுத்து விஷயத்திலும் இலக்க விஷயத்திலும் சவிரிமுத்துவுக்கு மூக்கு நுனியில் கோபம். "பேரில பிழை விட்டா ஆளே மாறிப்போகும்" என்பார்.

அவருடைய மேசைக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. அங்கே சொன்னது அங்கேயே நிற்கும். யாருக்கு வேலை போனது, யார் மனைவியைப் பிரிந்து இருக்கிறார், யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஜசிந்தா எவ்வளவோ தோண்டிப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறக்கமாட்டார். மேசையில் யார் என்ன சொன்னாலும் முகம் சுளிக்கவும் மாட்டார். வீட்டிலோ கறிக்கு உப்புக் குறைந்தால் கூரை இடிந்து விழுகிற மாதிரிக் கத்துவார். அது வேறு சவிரிமுத்து.

ஒன்றை மட்டும் சொல்லத்தான் வேண்டும். பத்திரத்தின் முதல் பக்கத்தில் பெயருக்கும் முகவரிக்கும் கீழே ஆறு சின்னப் பெட்டிகள் இருக்கும். முதலாவது, கலியாணம் கட்டியவர். ஆறாவது, தனியாள். இரண்டாவது பெட்டி, கட்டாமலே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக இருப்பவர்களுக்கு. இந்த ஊரில் அதற்குப் பிரெஞ்சில் மரியாதையான ஒரு சொல் இருக்கிறது. சவிரிமுத்து தமிழில் தேடிப் பார்த்தார். அகப்பட்டதெல்லாம் அடிபிடியில் முடியக்கூடிய சொற்கள். கடைசியில் தானாகவே ஒன்றை உண்டாக்கினார்: ஒட்டு. "கட்டினதோ, தனியவோ, இல்லாட்டி ஒட்டோ?" என்று கேட்பார். சனம் சிரிக்கும். கேள்வி சுலபமாகக் கடந்து போகும். ஆளின் பெயரைச் சொல்லமாட்டாரே ஒழிய, இந்தப் பகிடியை வீட்டுக்குக் கொண்டுபோவார். "இந்த வருசம் எங்கடை சனத்துக்குள்ள நாலு ஒட்டு" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரிப்பார்.

இந்த வருடம் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் லக்சனா தன் பத்திரங்களை இன்னும் அனுப்பவில்லை.

இருபத்துமூன்று வயது. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். இரண்டு வருடமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில், வகுப்புக்குக் கிட்ட ஓர் அறை எடுத்து இருக்கிறாள். ஜெசிக்கா என்ற சிநேகிதியோடு என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வருடமும் மார்ச் முதல் கிழமையிலேயே கட்டணப் பத்திரங்களைப் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். அவளுக்கு வருமானம் சொற்பம், வரி கிடையாது. அதனால் அவள் கட்டிய படிப்புக் கட்டணத்துக்கான கழிவைத் தகப்பனுக்கு எழுதிக் கொடுப்பாள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. "என்ரை பிள்ளை எனக்கு எழுதித் தாற சீதனம்" என்று வேலையிடத்தில் எல்லாருக்கும் சொல்லித் திரிவார் சவிரிமுத்து. வரும் தொகையை விட அந்தச் சொல்தான் அவருக்கு இனித்தது.

இந்தமுறை மார்ச் முடிந்தது. கேட்டால் "பேந்து அனுப்பிறன் அப்பா" என்றாள். திரும்பக் கேட்டதற்கு "எக்ஸாம் அப்பா" என்றாள். மூன்றாம் தரம் கேட்டபோது வந்த பதில்தான் அவரைக் குடைந்தது. "ஸ்டூடன்ட்ஸ் ராக்ஸ் செய்யத் தேவையில்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம் அப்பா."

மாணவர்கள் வரிப் பத்திரம் கொடுக்கத் தேவையில்லையாம். யாருடைய மகள் யாருக்குச் சொல்கிறாள்!

ஜசிந்தாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சவிரிமுத்துவோ அதை விட்டுவிடவில்லை. படிக்கிறவளுக்குப் பல்கலைக்கழகம் கட்டணப் பத்திரம் கொடுக்கும். கொடுத்தால் அனுப்பியிருப்பாள். அனுப்பவில்லையென்றால் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லையென்றால் படிப்பு இல்லை. இலக்கம் பார்த்துப் பழகிய மூளை இப்படித்தான் கணக்குப் போட்டது. பிள்ளை படிப்பை விட்டுவிட்டாள். சொல்லப் பயந்து ஒளிக்கிறாள். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். பனி கரைந்து நாறிக்கிடந்த தெருவில் நடந்தார். களஞ்சியத்தில் ஒரு பெட்டியின் இலக்கத்தைப் பிழையாக வாசித்து, மேற்பார்வையாளர் என்ன சுகமில்லையா என்று கேட்கும்படி ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒரு இடத்துக்குப் போய்வருகிறேன் என்று ஜசிந்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெட்ரோ ஏறினார். மஞ்சள் பாதையில் ஆற்றுக்குக் கீழால் லொங்குய் போய் இறங்கினார். மகளின் விலாசம் சட்டைப் பையில் இருந்தது. நிலையத்து வாசலில் பேருந்துகள் வருவதும் போவதுமாக இருந்தன. அவர் ஒரு தூணைச் சுற்றி நடந்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"எங்கை பிள்ளை நிக்கிறாய்?"

"லைப்ரரியில அப்பா. ஏன்?"

"சும்மாதான். சாப்பிட்டியோ?"

"ஓம். நீங்கள் எங்கை நிக்கிறியள்? பஸ் சத்தம் கேக்குது."

"வீட்டுக்குக் கிட்டத்தான்" என்றார் சவிரிமுத்து. பதினொரு வருடமாக ஊருக்கெல்லாம் உள்ளதைச் சொல்லு என்று புத்தி சொன்ன மனிதர். கதவைத் தட்டினால் என்ன தெரியவருமோ என்ற பயத்தில், வந்த ரயிலிலேயே திரும்பிப் போனார். ஜசிந்தாவிடம் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. பத்திரம் கொடுக்கும் கடைசி நாளுக்கு இன்னும் சில நாட்கள்தான். மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. உள்ளே வருபவர்களுக்கு இலக்கத் துண்டு கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் நிருஷா என்ற பெண்ணும் பத்திரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாம் இலக்கத் துண்டோடு சவிரிமுத்துவின் மேசைக்கு வந்தவர் அல்போன்சம்மா. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. மகன் நிஷான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். பின்னால் தாயின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அல்போன்சம்மா அதற்குள்ளிருந்து ரப்பர் வளையம் போட்ட காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, பிள்ளையளின்ரை ரியூசன் காசுக்குக் கழிவு இருக்கெண்டு கதைச்சினம். ஒண்டும் எறியேல்லை. எல்லாம் இருக்கு."

சவிரிமுத்து கட்டைப் பிரித்தார். அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாள்கள். 'கணக்கு, ஒக்டோபர் மாதம், பெற்றுக்கொண்டேன்' என்று தமிழில் எழுதி, கீழே ஒரு வாத்தியாரின் கையெழுத்து. நாலு வருடத்துத் தாள்கள்.

"இது வீட்டை வந்து கணக்குப் படிப்பிச்ச ரியூசன் எல்லோ?"

"ஓம். ரியூசன்தானே?"

"அரசாங்கம் சொல்லுற ரியூசன் வேறை, அல்போன்சம்மா. அது யூனிவேசிற்றிக்குக் கட்டுற பீஸ்."

"அப்ப ஏன் அதுக்கு ரியூசன் எண்டு பேர் வைச்சவை?"

இதற்கு ஒட்டாவாவிலேயே பதில் இருக்காது. வேறு நாளென்றால் சவிரிமுத்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று தாள்களை அடுக்கி, ரப்பர் வளையத்தைப் போட்டு, பத்திரமாக வைத்திருங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். எத்தனை பின்னேரம் அந்த அம்மா அந்த வாத்தியாருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைத்தபோது மனம் கனத்தது.

"நிஷான்ரை யூனிவேசிற்றிப் பேப்பர் எங்கை?" என்று கேட்டார்.

"அங்கிள், எனக்குத் தேவையில்லை" என்றான் நிஷான். "சமரில கொஞ்ச நாள்தான் வேலை செய்தனான். ஸ்டூடன்ட்ஸ் ராக்ஸ் செய்யத் தேவையில்லை."

அதே சொற்கள். சவிரிமுத்துவின் கால் மேசையை ஒரு தட்டுத் தட்டியது.

"தேவையில்லைத்தான்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "உன்ரை உழைப்புக்கு வரி இல்லை, அதால கட்டாயமும் இல்லை. ஆனா செய்யாட்டி நீ கட்டின பீஸ் பதியப்படாது. பதிஞ்சா இந்த வருசம் உனக்குப் பிரயோசனம் இல்லாட்டியும், நாளைக்கு வேலைக்குப் போற வருசம் அந்தக் கழிவை எடுக்கலாம். இல்லாட்டி அம்மாக்கு ஒரு பங்கை எழுதிக் குடுக்கலாம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அரசாங்கம் திருப்பித் தாற ஜிஎஸ்ரி காசும் பத்திரம் குடுத்தாத்தான் வரும். ஒட்டாவாக்கு ஒரு பத்திரம், கியூபெக்குக்கு ஒரு பத்திரம். அரை மணித்தியால வேலை. இதைச் செய்யாமல் ஏனடா ஒளிக்கிறியள்?"

நிஷான் பயந்துபோனான். தான் எதையும் ஒளிக்கவில்லையே என்று தாயைப் பார்த்தான். சவிரிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனுடைய தொலைபேசியிலேயே கட்டணப் பத்திரம் இருந்தது. இரண்டு பேருடையதையும் நிரப்பி முடித்து அனுப்பினார். அல்போன்சம்மா போகும்போதும் அந்தக் கணக்கு ரியூசனைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு போனார்.

"பதினாலு" என்று கூப்பிட்டார் சவிரிமுத்து.

யாரும் வரவில்லை. "பதினாலு நம்பர் உங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டு இருக்குது அங்கிள்" என்றாள் பக்கத்து மேசை நிருஷா. "என்னட்டை வரச் சொல்லிக் கேட்டன், மாட்டனெண்டிட்டா."

சுவரோரக் கதிரையிலிருந்து லக்சனா எழுந்து வந்தாள். கையில் இலக்கத் துண்டு. மற்றக் கையில் ஒரு நீலக் கோப்பு. வந்து, மற்றச் சனத்தைப் போலவே, எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"நீ ஏன் இஞ்சை?" என்றார் சவிரிமுத்து. "வீட்டை வந்திருக்கலாமே. துண்டு எடுத்துக்கொண்டு..."

"செய்யிறியளோ அப்பா?"

அவள் கோப்பைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒட்டாவாவுக்கான கட்டணப் பத்திரம். கியூபெக்குக்கான எட்டாம் இலக்கப் பத்திரம். பகுதிநேர வேலைத் தாள். கட்டணப் பத்திரத்தைச் சவிரிமுத்து பறிக்காத குறையாக எடுத்தார். பெயர் சரி. எட்டு மாதமும் முழுநேரப் படிப்பு. ஒரு மாதம்கூடக் குறையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று கிழமையாகப் படிப்பை விட்டுவிட்ட பிள்ளையை மனதுக்குள் வைத்து அழுதிருக்கிறார், மடையன். படிக்கிறாள், பிள்ளை படிக்கிறாள்.

"உதைத்தானே கேட்டனான்!" என்று கணினியைத் தன் பக்கம் இழுத்தார். விரல்கள் பறந்தன. "பாத்தியோ, எவ்வளவு சுகம். முதல் பக்கம் எல்லாம் எனக்குத் தெரியும். பேர், பிறந்த திகதி, தனியாள். விலாசம் அதேதானே? வழமை போல கழிவை என்ரை பக்கம் மாத்தி விடுறன்."

"அப்பா."

"என்ன?"

"முதல் பக்கத்தை எல்லாரிட்டையும் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ."

சவிரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கை கோப்பின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"உன்னட்டை என்னத்தைக் கேக்கிறது?"

"அந்தக் கேள்வியை."

அவர் கேட்கவில்லை. திரையைப் பார்த்தார். அவளே சொன்னாள். "ஆறாவது பெட்டி இல்லை அப்பா. இரண்டாவது." பிறகு, மிகவும் மெதுவாக, "ஒட்டு" என்றாள்.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாகச் சவிரிமுத்து சனம் இருக்கும்போது மேசையை விட்டு எழுந்தார். கோப்பி வைத்திருந்த மூலைக்குப் போனார். குவளை எடுத்தார், ஊற்றவில்லை. திருக்குடும்பப் படம் மாட்டிய சுவரோரமாக நடந்தார். மண்டபத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஏசவேண்டிய வசனங்கள் எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக வந்து நின்றன. எத்தனை நாளாக? யார் அவன்? தாய்க்கு என்ன சொல்வது? பங்கில் எப்படி முகம் காட்டுவது? எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த ஒரு சொல் நின்றது. அவரே உண்டாக்கிய சொல். சோற்றுக் கோப்பைக்கு மேலால் அதைச் சொல்லிச் சிரித்தபோது, எதிரே கறி போட்டுக்கொண்டிருந்தவள் இவள்தான். அவள் சிரித்தாளா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. பார்த்திருக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. கோபத்தை விட வெட்கம் பெரிதாக இருந்தது.

மூன்றாவது சுற்றில் மேசைக்கு வந்து இருந்தார்.

"வீட்டை வந்து சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"வீட்டில நீங்கள் அப்பா" என்றாள் லக்சனா. "ஏசுவியள். இஞ்சை நீங்கள் ஒருத்தரையும் ஏசினதில்லை. இஞ்சை சொன்னது வெளியில போறதுமில்லை. அதுதான் துண்டு எடுத்தனான்."

சவிரிமுத்து கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டார். பத்திரத்தின் முதல் பக்கத்துக்குப் போனார். தான் போட்ட அடையாளத்தை எடுத்தார்.

"எப்ப தொடக்கம்?"

"போன வருசத்துக்கு முந்தின வருசம் ஓகஸ்ட் முதலாந் திகதி. ஜெசிக்கா அப்பதான் வீட்டை விட்டுப் போனவ."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப பன்னிரண்டு மாசம் போன ஓகஸ்டிலதான் முடிஞ்சிருக்கு. போனமுறை தனியாள் எண்டு போட்டதில பொய் இல்லை."

"ஓம். பாத்தனான்" என்றாள். "இந்தமுறை போட்டா பொய். உங்கடை கையால பொய் போட வைக்க எனக்கு விருப்பமில்லை. அதுதான் செய்யாமலே விடுவமெண்டு நினைச்சனான்."

அவர் கட்டணப் பத்திரத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தார்.

"இந்தக் கழிவை எனக்கு மாத்த வேண்டாம்" என்றார்.

லக்சனாவின் முகம் விழுந்துவிட்டது. "சட்டப்படி மாத்தலாம் அப்பா. அவரும் படிக்கிற ஆள்தான், அவருக்கு அது தேவையில்லை. கேட்டுப்போட்டுத்தான் வந்தனான். என்ரை காசு வேண்டாமோ உங்களுக்கு?"

"அடி விசரி. ஒரு தரம் எனக்குத் தந்தா அது என்னோட முடிஞ்சுது. உன்ரை பேரில வைச்சிருந்தா நீ வேலைக்குப் போற வருசம் உனக்கு உதவும். இனிக் குடும்பம் நடத்திற பிள்ளை. வைச்சிரு."

குடும்பம் என்ற சொல் தானாக வந்து விழுந்தது. எத்தனை வருடம் தேடியும் அகப்படாத சொல், இவ்வளவு பக்கத்தில் கிடந்திருக்கிறது. லக்சனா குனிந்து கோப்புக்குள் எதையோ தேடுவதுபோலப் பாவனை பண்ணினாள். நிருஷா தன் கணினிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காதவள்போல் இருந்தாள்.

சவிரிமுத்து இரண்டாவது பெட்டியில் அடையாளம் போட்டார். உடனே திரையில் வெறும் கோடுகள் திறந்தன. வாழ்க்கைத் துணையின் பெயர், பிறந்த திகதி, சின் நம்பர் என்ற அரசாங்க அடையாள இலக்கம். அதை நிரப்பாமல் பத்திரம் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது.

"பேர்?" என்றார்.

"வருண்."

"குடும்பப் பேர்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மணிவாசகம்."

விரல்கள் நின்றன. அந்த ஒரு பெயரில் எல்லாம் இருந்தது. பையன் வேதக்காரன் இல்லை, கிறிஸ்தவனே இல்லை. மன்னார் இல்லை, யாழ்ப்பாணமாகவும் தெரியவில்லை. கோயில் விழாவுக்கு ஒரு தரம் வந்து பேசிய சென்னைப் பேராசிரியர் ஒருவருக்கும் மணிவாசகம் என்றுதான் பெயர்; அவருடைய மகனாகவும் இருக்கலாம். ஜசிந்தாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அதை எப்படிச் சமாளிப்பது என்பது இன்று பின்னேரத்து வேலை. இப்போது அவருக்கு முன்னால் ஒரு வெறும் கோடு இருந்தது.

எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டு வந்தார். கடைசிக்குக் கிட்ட வந்ததும் நிறுத்தினார்.

"எங்கடை ஆக்கள் கடைசிக் 'கம்'முக்கு இங்கிலிசில கே போடுவினம். அவை எப்பிடி, கேயோ ஜீயோ?"

லக்சனா நிமிர்ந்தாள். கன்னம் நனைந்திருந்தது. "எதெண்டாலும் போடுங்கோ அப்பா."

"அப்பிடிப் போடேலாது. போன் எடுத்துக் கேள்" என்றார் சவிரிமுத்து. "உந்தப் பேர் இனி ஒவ்வொரு வருசமும் வரப்போகுது."